தயிர் வாளி

வெளியே சைபருக்குக் கீழே இருபத்திரண்டு.
ஞானசௌந்தரி வீட்டு கிரைண்டரில்
நேற்று ராத்திரி அரைத்த தோசைமா,
பாதிதான் பொங்கியிருக்கிறது.
குளிர் பட்டால் அப்படியே அடங்கிவிடும் என்று
இரண்டு கிலோ தயிர் வாளியில் ஊற்றி
கோட்டுக்குள் வைத்து சிப்பை மேலே இழுத்தேன்.
என் பேஸ்மென்ற்றில் வைத்துப் புளிக்க வழியில்லை.
சூட்டின் பொத்தான் மேல்வீட்டுக்காரர் கையில்,
அவர் சிக்கனமானவர்.

லோரன்ஸ் பஸ், பின்னேரம் ஐந்தரை.
கதவடியில் சேறாய்க் கரைந்த பனி.
ஒரு கை கம்பியில், ஒரு கை வாளியின் அடியில்.
நீலச் சீற்றில் இருந்த பொடியன்
ஹொக்கி மட்டையோடு எழும்பினான்.
வாய் திறக்கவில்லை.
என் வயிற்றைப் பார்த்தான், சீற்றைப் பார்த்தான்,
காது சிவக்கச் சிவக்க நகர்ந்து போனான்.

சொல்லியிருக்கலாம்.
தம்பி, இது உளுந்து.
ஆனால் விடியப்புறம் ஐந்திலிருந்து நின்ற கால்,
போத்தலுக்கு மூடி இறுக்கும் லைனில்
கதிரை கிடையாது.
இருந்தேன்.
இருந்துவிட்ட பிறகு எப்படிச் சொல்வது?

பக்கத்தில் ஊதாத் தொப்பி போட்ட ஜமேக்கா அம்மா,
எப்ப, என்றா.
மார்ச், என்றேன்.
ஏப்ரல் என்றிருக்கலாம், மே என்றிருக்கலாம்.
வாயில் வந்தது அதுதான்,
நாலு வருஷத்துக்கு முன் ஒரு டொக்டர்
கலண்டரில் பேனையால் வட்டமிட்டுத் தந்த மாதம்.
அவ என் முழங்காலைத் தட்டினா.
படுக்கேக்கை காலுக்குக் கீழே தலையணை வை, என்றா.
தலையாட்டினேன்.
வாளியின் மூடி உள்ளிருந்து
ஒருதரம் மெல்ல உதைத்தது.

பிரிம்லியில் அவள் ஏறினாள்.
கோப்பிக்கடைத் தொப்பி, பூட்ட முடியாத கோட்,
கோட்டுக்கு வெளியே வயிறு.
எல்லாரும் ஃபோனுக்குள் குனிந்தார்கள்.
எனக்கு எதிரே கட்டுப்போட்ட கால்,
பக்கத்தில் எழுபது வயது.
ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரிக்காக இன்னொருத்தி
எழும்பவேண்டும் என்று எந்த ஊரிலும் முறையில்லை.
ஒருவரும் என்னை எதிர்பார்க்கவில்லை.
கணக்குத் தெரிந்தவள்
அந்த பஸ்ஸில் நான் மட்டும்தான்.

எழும்பினேன்.
நோ நோ நோ என்று ஜமேக்கா அம்மா என் கையைப் பிடித்து இழுக்கிறா,
கட்டுக்கால்காரர் ஊன்றுகோலைத் தேடுகிறார்,
பின்னால் மூன்று பேர், இல்லை ஐந்து பேர்
சுட்டதுபோல் துள்ளி எழும்புகிறார்கள்.
நீங்கள் இருங்கோ, இல்லை நீங்கள்,
அவரவர் பாஷையில், அவரவர் கையால்.
ஐந்து சீற் வெறுமையாய்க் கிடக்கிறது,
மரியாதை கூடி, இருக்க ஆளில்லை.
கோப்பிக்கடைப் பெண் இந்தக் கூத்தை ஒருதரம் பார்த்தாள்,
என் இடத்தில் பொத்தென்று இருந்தாள்,
கண்ணை மூடினாள்.

மிட்லண்ட் சிவப்பு லைற்றில் சாரதி பிரேக்கை மிதிக்க
மூடி கழன்றது.
கழுத்துப் பக்கத்தால் புளித்த மணம்.
வெதுவெதுப்பாய் ஏதோ இடுப்பில் இறங்கியது.
அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்,
என் கோட்டைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து
திரும்ப மூடிக்கொண்டாள்.
வேறு யாரும் பதறுமுன்
கயிற்றை இழுத்து இறங்கிவிட்டேன்,
வீட்டுக்கு எட்டு நிறுத்தம் இருக்க.

மிஞ்சிய மாவில் பதினொரு தோசை,
குறை சொல்ல ஏலாது.

இப்போது ஐந்தரை பஸ்ஸை விட்டுவிடுகிறேன்.
ஜன்னலோரம் ஊதாத் தொப்பி போவது தெரியும்.
நிறுத்தத்துக் கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன்,
கோட் தொளதொளக்க,
கை இரண்டும் பொக்கற்றில்.
ஆறு மணி பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாம்.
மார்ச் கழியட்டும்.